என் கண்ணுக்குள் ஒரு நாற்றங்கால்

என் இடது கண்ணில் செடி முளைத்துவிட்டது என்று ஒரு காலைப்பொழுது முழுவதும் நான் நம்பினேன்.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் என்னிடம் வேறு எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று ஆசிரியரே சொல்லிவிட்டார். ஆனால் நம்பியது நிஜம். வேர் எந்தப் பக்கம் இறங்கும், மூளைப் பக்கமா, மூக்குப் பக்கமா என்பது வரை யோசித்து வைத்திருந்தேன். மூக்குப் பக்கம் வந்தால் பலமாகத் தும்மி வெளியே தள்ளிவிடலாம் என்று ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது.

நயா பைசா புதிதாக வந்து ஊரே குழம்பிக்கொண்டிருந்த காலம் அது. மாசி மாதம். கிணற்றடியில் நின்று, கண்ணைச் சுற்றிக் கட்டியிருந்த வேட்டிக் கிழிசலை அவிழ்த்தேன். பார்த்தால், ஊர் முழுக்கப் பனி. வலது கண்ணை மூடினால் பனி. திறந்தால் பளிச்சென்று வெயில். பனி வெளியே இல்லை, எனக்குள்ளே இருக்கிறது என்று புரிந்தது.

சவரக் கண்ணாடியை எடுத்து இமையை விலக்கிப் பார்த்தேன். கீழ் இமைக்குள் ஒரு வரிசை உட்கார்ந்திருந்தது. சாம்பலும் வெள்ளையுமாக, கொழகொழவென்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. ஏரிக்கரையில் மழைக்குப் பிறகு தவளை இட்டு வைக்குமே, அந்த மாதிரி. நான் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடியிலிருந்து பத்துக் கண்கள் என்னைப் பார்த்தன.



விவசாயி மகனின் கணக்கு

தவளை முட்டை என்று நினைத்திருந்தால் பட்டணத்துக்காரனாக இருந்திருப்பேன். நான் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவன். எனக்கு வேறு கணக்கு தெரியும்.

வருஷா வருஷம் எங்கள் வீட்டில் விதை நெல்லைக் கோணியில் கட்டிக் கிணற்றுத் தண்ணீரில் ஊற வைப்போம். பிறகு தூக்கி வைத்து, வைக்கோல் போட்டு மூடி, மேலே கல்லை ஏற்றுவோம். ஈரம், சூடு, இருட்டு. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒவ்வொரு மணியின் மூக்கிலும் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும்.

முன்தினம் சாயங்காலம் என் கண்ணில் விதை போட்டிருந்தேன். ஈரத்துக்குக் கண்ணீர் இருந்தது. சூட்டுக்கு என் உடம்பு இருந்தது. இருட்டுக்கு மேலே துணி கட்டியிருந்தேன். இப்போது வெள்ளையாக ஏதோ வந்திருந்தது. இதில் எந்த இடத்தில் கணக்குத் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

கண்ணில் போய் எதற்கு விதையைப் போட்டான் என்று கேட்பீர்கள். அதற்குச் செடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பருவுக்கு வைத்த பச்சை

திருநீற்றுப் பச்சை என்று எழுதுவார்கள். எங்கள் பக்கத்தில் வாயில் வருவது துன்னூத்துப் பச்சை. துளசிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. துளசியைப் போல மாடம் கட்டி, கோலம் போட்டுச் சுற்றி வருகிற மரியாதை இதற்கு இல்லை. கொல்லையில், குளித்த தண்ணீர் போகிற இடத்தில் நிற்கும். ஆனால் வாசனையில் அக்காளைத் தோற்கடித்துவிடும். சோம்பையும் கிராம்பையும் ஒரே டப்பாவில் போட்டு, திறக்காமல் ஒரு மாதம் வைத்திருந்து, பிறகு திறந்தால் எப்படியிருக்கும்? அப்படி.

எங்கள் வீட்டில் இந்தச் செடியைக் கொண்டு வந்தது நான்தான். காரணம் பக்தியும் இல்லை, வைத்தியமும் இல்லை. முகப்பரு. கல்யாண வயதில் என் முகம் சோளப்பொரிச் சட்டி மாதிரி இருந்தது. பச்சை இலையைக் கசக்கிச் சாற்றைத் தடவினால் பரு அமுங்கும் என்று யாரோ சொன்னார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்ற ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அந்த வீட்டுக் கொல்லையில் காய்ந்து நின்ற பூங்கதிர் ஒன்றைக் கேட்காமல் ஒடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அந்த வீட்டில் சாப்பாடு நன்றாக இல்லை; அதற்கு இது சரியாகிவிட்டது.

பாத்தி கட்டி, எரு சலித்து, விதையைத் தூவி, நான் செய்த பணிவிடையைப் பார்த்து என் அண்ணி வாசற்படியில் நின்று சிரிப்பாள். அப்பா அம்மா காலமான பிறகு எங்கள் வீட்டில் அண்ணன், அண்ணி, நான் என்று மூன்று பேர்தான். அண்ணன் பேசுவதே இல்லை என்பதால் அவன் பங்கையும் சேர்த்து அண்ணிதான் பேசுவாள்.

"கொழுந்தனாரே, அது செடியா கைக்கொயந்தையா? கொஞ்சம் வுட்டா தொட்டில் கட்டிடுவீங்க போலக் கீதே!"

"அண்ணி, இது மருந்துச் செடி."

"மருந்து செடிக்கா, செடிய வெச்சவருக்கா?"

முதல் பாத்தி என் அன்பிலேயே அழுகிப் போயிற்று. தண்ணீர் அதிகம். வாரிக் கொட்டிய மண்ணில் மிச்சமிருந்த விதை, நான் திரும்பிப் பார்க்காத இடத்தில், வாய்க்கால் ஓரத்தில் தானாக வந்தது. அப்புறம்தான் எனக்கு வழி புரிந்தது. நிறைய வெயில், கொஞ்சம் தண்ணீர், அவ்வப்போது நுனியைக் கிள்ள வேண்டும். இரண்டாவது தடவை பாத்தியை உயர்த்திக் கட்டி, தண்ணீர் ஓடிப் போக ஒரு கீறல் விட்டேன். இடுப்பு உயரத்துக்கு வந்தன. எங்கள் ஆடு ஒரு தடவை மோந்து பார்த்து, தும்மி, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.

பரு போனதா? ஒரு நாள் இலையை அரைத்து முகம் முழுக்கப் பூசிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் தூங்கிவிட்டேன். மோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பரு இருந்த இடத்திலேயே இருந்தது, பெயர்தான் போயிற்று.

ஆனால் அண்ணிக்கு அந்தச் செடி பிடித்துவிட்டது. கனகாம்பரத்தோடு இரண்டு இலை வைத்துக் கட்டுவாள். பெட்டியில் புடவை மடிப்புக்குள் போடுவாள். இருமலுக்குச் சாறும் தேனும். கதிர் காய்ந்ததும் உள்ளங்கையில் தேய்த்து, முறத்தில் புடைத்து, கடுகைவிடச் சின்னதான அந்தக் கறுப்பு விதையை ஒரு பழைய மூக்குப்பொடி டப்பாவில் அடைத்து மாடத்தில் வைப்பாள்.

அந்த விதை எங்கள் வீட்டில் கண்ணுக்கு மட்டும்தான்.

ஒன்று என்றால் ஒன்று

அறுப்புக் காலத்தில் களத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணில் எப்போதும் ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். சுணை, சொங்கு, பதர் என்று நெல்லிலிருந்து பறக்கிற தூசி தும்பு. அப்போது ஒரே ஒரு பச்சை விதையைக் கண்ணுக்குள் போட்டு மூடிக்கொண்டு படுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். விதை உள்ளேயே உருண்டு, தூசியைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு, காலையில் முகம் கழுவும்போது தானாக வெளியே வந்துவிடும். இதைப் படித்துவிட்டு யாரும் செய்து பார்க்க வேண்டாம். இப்போது கண் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பிழைக்க வேண்டும்.

எங்கள் அண்ணியிடம் அந்த டப்பா இருப்பது ஊருக்கே தெரியும். "ஒரு வெதை குடும்மா" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். எனக்கு அதுவரை போட்டதில்லை. போட்டவர்கள் காலையில் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வெளியே வந்தது எப்படியிருந்தது என்று யாரும் எடுத்துக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் இந்த வாரம் எனக்கு எழுத விஷயம் இருந்திருக்காது.

முன்தினம் சாயங்காலம் பொலி தூற்றிக்கொண்டிருந்தோம். முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி நெல்லைக் காற்றில் விட்டால் பதர் தனியாகப் பறக்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு நிற்க வேண்டும். நான் பார்க்கவில்லை. யாரையோ கேலி செய்ய வாயைத் திறந்த நேரத்தில் காற்று திரும்பிற்று. வாய்க்குள் போனதைத் துப்பிவிட்டேன். கண்ணுக்குள் போனது போகவில்லை.

மற்ற நாளாயிருந்தால் கவலை இல்லை. மறுநாள் மாகறலிலிருந்து பெண் வீட்டார் வருவதாக இருந்தது. கூட்டமாக வந்து பேசுவதற்கு முன்னால், பெண்ணின் அப்பாவும் அத்தையும் மட்டும் சும்மா வந்து வீடு, வாசல், மாப்பிள்ளை எல்லாவற்றையும் ஒரு நோட்டம் விட்டுவிட்டுப் போவார்கள். அதற்கு முன் எனக்கு இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. "பையன் எதுக்கெடுத்தாலும் சிரிக்கிறான்" என்று ஒரு வீட்டார் சொன்னார்கள். "சிரிக்க வைக்கிறான், ஆனா வேலை செய்யிற மாதிரி தெரியல" என்று இன்னொரு வீட்டார்.

பேசாத அண்ணன் அன்று பேசினான்.

"இத பாரு. இந்த எடமும் போச்சின்னா, நான் இனிமே உனுக்காகப் போய் யார் வூட்டு வாசல்லயும் நிக்கமாட்டேன். உன் பங்கு நெலத்தப் பிரிச்சிக் குடுத்துடறேன். பொங்கித் தின்னு."

கண் செக்கச்செவேலென்று நீர் வடிய நின்றேன். அண்ணி டப்பாவை நீட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு போட்டுக்கினு கட்டிக்கினு படுங்க. காலையில சரியாப் பூடும். ஒண்ணு. இன்னா?"

"ஒண்ணு அண்ணி."

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். நான் டப்பாவைப் பார்த்தேன். ஒரு விதை இவ்வளவு செய்யுமானால், நாளைக்குப் பெண் வீட்டார் வருகிற அவசரத்துக்கு ஒரு விதை போதுமா? உரம் போடும்போதும் என் புத்தி இப்படித்தான் போகும். ஒரு சிட்டிகை எடுத்தேன். இமையைத் தூக்கிக் கொட்டினேன். கட்டிக்கொண்டு படுத்தேன்.

வண்டி வந்த பக்கம்

மறுபடியும் கிணற்றடிக்கு வருவோம். கண்ணாடியைக் கீழே வைத்தேன். துணியைத் திரும்பக் கட்டினேன். உள்ளே அண்ணி கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். நெய் வாசனை கொல்லை வரைக்கும் வந்தது. அவளிடம் சொன்னால் அண்ணனுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரிந்தால், குருட்டு மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு பேசுவது என்று பெண் வீட்டாரை வரவே வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிடுவான்.

"கண்ணு எப்பிடி கீது?" என்று உள்ளிருந்தே கேட்டாள்.

"நல்லா கீது அண்ணி. இன்னும் கொஞ்ச நேரம் கட்டியே இருக்கட்டும்."

"நாஷ்டா?"

"வந்து சாப்புடறேன்."

சைக்கிளை எடுத்தேன். உத்திரமேரூரில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். ஊசி, பல், கண் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். உத்திரமேரூர் என்றதும் படித்தவர்கள் உடனே குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். எங்கள் கிராமம் அங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம். எங்களைப் பற்றி யாரும் எந்தக் கல்லிலும் எதையும் வெட்டி வைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. வெட்டுகிற வழக்கம் இருந்திருந்தால் அன்றைக்கு நடந்ததும் ஏறியிருக்கும்.

ஒரு கண்ணால் சைக்கிள் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பாதை பாதிதான் தெரியும். எனக்கு அந்தப் பாதியும் தெரியவில்லை. மனசு முழுக்கக் கண்ணுக்குள் இருந்தது. இந்நேரம் வேர் விட்டிருக்குமா? இலை வந்தால் இமையை மூட முடியுமா? கத்தரிப்பதாக இருந்தால் கம்பவுண்டரிடம் அதற்குக் கத்தரிக்கோல் இருக்குமா, அல்லது முடி வெட்டுகிறவரிடம்தான் போக வேண்டுமா? கல்யாணத்தன்று மாலைக்குப் பூ வாங்க வேண்டியதில்லை, பச்சை நம்மிடமே இருக்கிறது என்று அந்த நிலையிலும் ஒரு வேடிக்கை தோன்றிற்று. தோன்றியதும் அழுகை வந்தது. அழுதால் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி ஆகிவிடுமே என்று உடனே அடக்கிக்கொண்டேன்.

இடது பக்கத்து ஒற்றையடிப் பாதையிலிருந்து ஒரு மாட்டு வண்டி வந்து ஏறிற்று. அந்தப் பக்கம்தான் எனக்குக் கிடையாதே. மாட்டின் மூச்சு தோளில் பட்டபோதுதான் தெரிந்தது. ஹேண்டிலைத் திருப்பினேன். சைக்கிள் பாதையில் நின்றது. நான் வாய்க்காலில் நின்றேன், தலைகீழாக.

கண்ணா இது, குழம்பா?

"யோவ்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" வண்டி ஓட்டி வந்தவர் கத்தினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஐம்பதைத் தாண்டிய மனிதர்.

வண்டிக்குள்ளிருந்து ஓர் அம்மாள் குதிக்காத குறையாக இறங்கினாள். கெட்டிப் புடவை, காதில் கம்மல், கையில் செம்பு.

"அடி கிடி பட்டுட்டுதா தம்பி? மாடு இடிச்சிட்டுதா?"

"மாடு இல்லீங்கம்மா," என்றேன் சேற்றிலிருந்து. "மொளைச்சிடுச்சிங்க."

"இன்னா மொளைச்சிடுச்சி?"

"துன்னூத்துப் பச்சை. கண்ணுல."

 மாடுகூட அசை போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்ட மாதிரி இருந்தது.

"குடிச்சிக்கினு வந்துக் கீறானா பாருக்கா," என்றார் அவர்.

குடிக்கவில்லை என்று நிரூபிக்க ஒரே வழி எல்லாவற்றையும் சொல்வதுதான் என்று எனக்குத் தோன்றிற்று. சொன்னேன். பொலி தூற்றியது, டப்பா, சிட்டிகை, ஈரம், சூடு, இருட்டு, கம்பவுண்டர். மூச்சு விடாமல் கொட்டினேன். கொட்டியதோடு நிறுத்தியிருக்கலாம்.

"யாராண்டயும் சொல்லிடாதீங்கம்மா. இன்னிக்கி பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்க. மாகறல்லேர்ந்து."

அந்த அம்மாள் வண்டிக்காரரைப் பார்த்தாள். அவர் மாட்டைப் பார்த்தார்.

"மாகறல்ல யார் வூடு?" என்றாள்.

"கோவிந்தசாமின்னு ஒர்த்தரு. ரொம்ப பேஜார் புடிச்ச ஆளாம். வெதை நெல்லு வாங்கப் போனா மூட்டையில கைய வுட்டு மணி மணியா கடிச்சிப் பாப்பாராம். அவர் பாத்து முடிக்கறதுக்குள்ள பாதி மூட்டை காலியாம்."

"அப்பிடின்னு யாரு சொன்னது?" என்றார் வண்டிக்காரர்.

"எங்க அண்ணன்தாங்க."

"உங்க அண்ணன். சரி."

"அவன் சொன்னது கெடக்கட்டும்," என்று அந்த அம்மாள் வேகமாகக் குறுக்கிட்டாள். "நீ கட்ட அவுரு. மேல பாரு. இம்... எத்தினி வெதை போட்டே?"

"ஒரு சிட்டிகை."

"சிட்டிகையா! கண்ணா இது, கொயம்பா? தாளிக்கவா போட்டே?"

என் தாடையை ஒரு கையால் பிடித்து, முகத்தைச் சாய்த்து, செம்புத் தண்ணீரைக் கண்ணில் மெல்ல ஊற்றினாள். குளிர்ந்த தண்ணீர். கண்ணுக்குள் ஏதோ நழுவிற்று. வழவழவென்று கன்னத்தில் இறங்கி அவள் உள்ளங்கையில் விழுந்தது. நான் பார்த்தேன். வெள்ளையாக, கொழகொழவென்று, கறுப்பு மணியோடு.

"ஐயோ, கண்ணு முயி! என் முயி வந்துடுச்சி!"

நான் போட்ட சத்தத்தில் மாடு நிஜமாகவே மிரண்டது.

"யோவ், சும்மா இரு! உன் முயி உன்னாண்டதான் கீது. பாரு, எத்தினி வெரலு?" என்று மற்றக் கையைக் காட்டினாள். எண்ண முடிந்தது. பனி போயிருந்தது. வண்டி தெரிந்தது, மாட்டுக் கொம்பில் பூசிய சிவப்புச் சாயம் தெரிந்தது, வண்டிக்காரரின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் சிரிப்பு இல்லை என்பதும் தெரிந்தது.

"இது மொளையா?" என்று உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே கொண்டு வந்தாள். "மொளைன்னா வேரு எங்கே? தொட்டுப் பாரு. தண்ணி பட்டுது, ஊறிக்கினு உப்பிக் கீது. அவ்ளோதான். ஒண்ணு போட்டிருந்தா ஒண்ணு உப்பியிருக்கும். நீ களத்தையே கொட்டிக்கினே." உப்பிய விதைகளில் ஒன்றின் மேல், மயிர் அளவுக்கு ஒரு சொங்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் குற்றவாளி.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் கடைத்தெருவில் ரோஜா நிறத்தில் ஒரு சர்பத் விற்பார்கள். அடியில் வழவழவென்று மணிகள் மிதக்கும். போகும்போதெல்லாம் வாங்கிக் குடிப்பேன். அதன் பெயர் சப்ஜா விதை என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அதுவும் எங்கள் மூக்குப்பொடி டப்பாவில் இருந்ததும் ஒரே விதை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வயிற்றுக்குள் போனபோது முளைக்குமென்று பயப்படாதவன், கண்ணுக்குள் போனதும் நாற்றங்காலையே கண்டுவிட்டேன்.

"ரொம்ப நன்றிங்கம்மா. நான் வர்றேன். வூட்ல அவங்க வந்துடுவாங்க," என்று சைக்கிளைத் தூக்கினேன்.

"சைக்கிள வண்டிப் பின்னால கட்டு," என்றாள் அந்த அம்மாள். "ஏறிக்கோ. நாங்களும் உங்க வூட்டுக்குத்தான் போறோம். இவன்தான் கோயிந்தசாமி. நான் இவன் அக்கா, கன்னியம்மா."

வழி முழுக்க நான் கோவிந்தசாமியின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த முதுகு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

கேசரி ஆறிய கதை

பெண் வீட்டார் வண்டியிலேயே மாப்பிள்ளை சேறும் சகதியுமாக வந்து இறங்கியதைப் பார்த்த அண்ணி, கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். கன்னியம்மாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விதை நெல்லைக் கடிக்கிற பேச்சும் வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கோவிந்தசாமி நிலத்தைப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். மாட்டின் பல்லைப் பார்த்தார். கூடத்தில் வந்து உட்கார்ந்தார். அண்ணி கேசரித் தட்டைக் கொண்டு வந்து முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை; கன்னியம்மாளும் தொடவில்லை. பேச்சு முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

"எல்லாம் நல்லா கீது," என்றார் கோவிந்தசாமி. "ஒண்ணுதான் கேக்கணும். வெதை ஊறறதுக்கும் மொளைக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாதவன் நாளைக்கி நாத்து எப்பிடி வுடுவான்? இவன் பங்கு நெலம் இவன் கையில வந்தா, எம் பொண்ணு இன்னா சாப்புடும்?"

  அந்த மனிதர் கேலி செய்யவில்லை. பயந்தார். நான் காலையில் என் கண்ணுக்குப் பயந்ததைவிட நியாயமாக, தன் பெண்ணுக்காகப் பயந்தார். கேசரியின் மேல் முந்திரி மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா கோயிந்தா," என்றாள் கன்னியம்மாள். "போன வருசம் பேசின எடம் மறந்து பூடுச்சா? மெட்ராஸ்ல ஒரு பொண்டாட்டிய வெச்சிக்கினு, இதே மாதிரி கூடத்துல வெள்ளைச் சட்டை போட்டுக்கினு, வாயத் தொறக்காம ஒக்காந்துக்கினு இருந்தானே! எத்தினி அடக்கமான புள்ளைன்னு நீதான் மெச்சிக்கினே. பத்திரிகை அடிச்சப்பறம் இல்ல தெரிஞ்சிது? உம் பொண்ணு எத்தினி நாளு வெளிய தல காட்டாம கெடந்துது?"

"அதுக்கு?"

"இவன் வூட்ல சொல்லாம மறைச்சிக்கினு கெளம்பினான். ஊர்க் கோடி தாண்டல. ரோட்ல மொத ஆளாண்ட அத்தினியும் கொட்டிட்டான். அதுவும் எவனாண்ட கொட்டக் கூடாதோ அவனாண்டயே. கண்ணுல ஒரு வெதைய மறைக்க முடியாதவன், இன்னொரு பொண்டாட்டிய எங்கடா மறைப்பான்?"

அடுப்படியிலிருந்து அண்ணியின் சிரிப்பு வெடித்தது. கோவிந்தசாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாத்து?" என்றார்.

"நாத்து வுட நீ கத்துக் குடு. உண்மை பேசக் கத்துக் குடுக்க முடியுமா உன்னால?"

அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். பின்னாலேயே போக எனக்குத் தைரியம் இல்லை, கதவோரம் நின்றேன். வாய்க்கால் ஓரத்தில் பச்சைச் செடிகள் வரிசையாக நின்றன. அவர் குனிந்து பாத்தியின் கரையை விரலால் அழுத்திப் பார்த்தார். தண்ணீர் ஓடுகிற கீறலைப் பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளி மோந்தார்.

"இத யாரு வெச்சது?"

"நான்தாங்க."

"மொதல்லயே இப்பிடி வந்துதா?"

"இல்லீங்க. மொதல்ல தண்ணி ஜாஸ்தி வுட்டு அழுகிப் பூடுச்சி. அப்பறம்தான் பாத்திய ஒசத்திக் கட்டினேன்."

இதையும் மறைத்திருக்கலாம். வரவில்லை.

அவர் இலையைக் கீழே போட்டார். கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"ஒக்காருக்கா," என்றார். "கேசரி ஆறிக்கினே கீது."

அவ்வளவுதான் நடந்தது. பச்சை விதை ஈரம் பட்டால் ஊறி உப்பும், உப்பிற்று. என் கண்ணில் எதுவும் முளைக்கவில்லை. கண் இரண்டொரு நாள் சிவந்திருந்துவிட்டுச் சரியாகிவிட்டது. கோவிந்தசாமி எங்கள் வீட்டில் கேசரி சாப்பிட்டார். வைகாசியில் கல்யாணம் நடந்தது. அந்த வருஷம் எங்கள் நிலத்தில் நாற்று விட்டது நான் அல்ல, அவருடைய பெண்.